தலைக்கோடு போடும் வின்கம்போஸ்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் ஊர்ப் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் நடுவில் வரும் 'ஈ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டு. அந்தக் கோடு இருந்தால் 'போந்திஷேரி', இல்லாவிட்டால் 'போந்திஷ்ரி' மாதிரி ஏதோ ஒன்று. மாஹேவுக்கும் கடைசி எழுத்தில் அதே கோடு. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் 'பிள்ளை' என்ற பட்டத்தைப் 'புள்ளே' என்று ஒலிக்கிற மாதிரி எழுதி, கடைசி எழுத்துக்கு அந்தக் கோட்டைப் போட்டிருப்பார்கள். கோட்டை எடுத்துவிட்டால் அந்தக் கடைசி எழுத்து ஒலிக்காது, பெயர் பாதியில் அறுந்துவிடும்.

நான் புதுச்சேரியில் இருக்கிறேன். பிரெஞ்சுப் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, பழைய கிரயப் பத்திரம் போன்றவற்றை டைப் செய்து, தேவைப்பட்டால் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. 1962 ஆகஸ்ட் 16 அன்று, பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுடைய பேரன் பேத்திகளின் காகிதங்கள்தான் என் மேசைக்கு வருகின்றன. தாத்தா பெயரில் இருக்கும் ஒரு குறி பேரன் சான்றிதழில் இல்லை என்றால், இரண்டும் ஒரே ஆளின் குடும்பம்தானா என்ற கேள்வி வந்து நிற்கும். அதனால் இந்தக் கோடுகளை நான் அலங்காரமாக நினைப்பதில்லை. ஒவ்வொன்றும் சரியாக விழ வேண்டும், எந்த மென்பொருளில் டைப் செய்தாலும் விழ வேண்டும். அதற்காக நான் ஒன்றரை வருடமாக நம்பியிருக்கிற வின்கம்போஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் பற்றித்தான் இந்த விமர்சனம்.

முதலில், இதற்கு முன் என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருப்பீர்கள். பழைய டெஸ்க்டாப்பில் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 130 அடிப்பேன், சாய்கோட்டு ஈ வரும். 138 அடித்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு, 135 அடித்தால் வால் வைத்த சி, அதாவது செதீய். பெரிய எழுத்து ஈக்கு 144. விரல் பழகிவிட்டால் இது மோசமில்லை. ஆனால் லேப்டாப் வாங்கியபோது நம்பர் பேடே இல்லை, மேல்வரிசை எண்களில் அடித்தால் இது வேலை செய்யாது. அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஒரு வேர்டு கோப்பில் எல்லாக் குறி எழுத்துகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு காப்பி, பேஸ்ட். ஒரு பக்கத்துக்கு அறுபது எழுபது தடவை. அதோடு பேஸ்ட் செய்யும்போது அந்த எழுத்தின் ஃபாண்டும் அளவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து பக்கத்தையே புள்ளி புள்ளியாக்கிவிடும்.

வேர்டுக்குள் மட்டும் என்றால் அதிலேயே வழி இருக்கிறது. கன்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் குறியை அழுத்திவிட்டு ஈ அடித்தால் போதும். கன்ட்ரோலோடு கமா, பிறகு சி, செதீய் வந்துவிடும். அருமையான வசதி, ஆனால் வேர்டை விட்டு வெளியே வந்தால் இல்லை. மின்னஞ்சலில், எக்செலில், பிரவுசர் படிவத்தில், பிடிஎஃப் படிவத்தில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு வழி தேட வேண்டும். எனக்கு அதுதான் பெரிய தலைவலி.

இணையத்தில் கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது யூஎஸ் இன்டர்நேஷனல் விசைப்பலகை அமைப்பு. விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். அதில் மேற்கோள் குறி, டில்டே (~), கேரட் (^) போன்ற கீகள் 'டெட் கீ' ஆகிவிடும், அதாவது அழுத்தியதும் எதுவும் வராது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். மேற்கோள் குறி, அடுத்து ஈ, சாய்கோட்டு ஈ தயார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு மொழியில் உயிரெழுத்துக்கு முன்னால் அப்போஸ்ட்ரஃபி வருவதுதான் தினசரி வழக்கம். தண்ணீரைக் குறிக்கும் 'லோ' என்ற சொல்லை எடுங்கள்: எல், அப்போஸ்ட்ரஃபி, பிறகு ஈ. இந்த அமைப்பில் வேகமாக அடித்தால் அப்போஸ்ட்ரஃபி காணாமல் போய், ஈயின் தலையில் கோடு ஏறி உட்கார்ந்திருக்கும். 'சரி' என்று சொல்ல வரும் 'தக்கோர்' என்ற சொல்லிலும் அதே கதை, ஏ தலையில் கோடு. ஒவ்வொரு தடவையும் அப்போஸ்ட்ரஃபிக்குப் பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் தப்பிக்கலாம். ஆங்கிலத்திலும் விடாது: மணி சொல்லும் 'ஓ கிளாக்' என்பதை அடித்தால் சிக்கு வால் முளைத்துவிடும், ஏனென்றால் அந்த அமைப்பில் மேற்கோளும் சியும் சேர்ந்தால் செதீய். நான் மூன்று வாரம் முயன்றேன். ஒரு சான்றிதழ் மொழிபெயர்ப்பில் பதினோரு இடத்தில் அப்போஸ்ட்ரஃபி விழுங்கப்பட்டு, பிரின்ட் எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்றோடு அதை நிறுத்தினேன்.

பிரெஞ்சுக்காரர்களின் அசெர்ட்டி அமைப்பையே போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அதில் எண் வரிசையில் 2 இருக்கும் இடத்தில் சாய்கோட்டு ஈ நேரடியாகவே இருக்கிறது, 9இல் செதீய். ஆனால் ஏயும் க்யூவும் இடம் மாறியிருக்கும், எண்கள் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும், பெரிய எழுத்து ஈக்குக் கோடு போட அங்கேயும் நேர்வழி கிடையாது. பெரிய எழுத்துகளுக்கும் குறி போட வேண்டும் என்பதுதான் பிரெஞ்சு அகாதெமியின் நிலை, பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்தில் வரும் ஆவணங்களில் இது முக்கியம். நாள் முழுவதும் ஆங்கிலமும் தமிழும் அடிக்கிற விரல்களுக்கு அசெர்ட்டி சரிப்படாது, என் விஷயத்தில் சரிப்படவில்லை.

சரி, வின்கம்போஸுக்கு வருவோம். இது சாம் ஓசெவார் என்ற பிரெஞ்சு நிரலாளர் எழுதிய இலவச மென்பொருள், மூலநிரல் திறந்தது, விண்டோஸுக்கு மட்டும். யோசனை அவருடையது இல்லை. 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் டெர்மினல் விசைப்பலகைகளில் 'கம்போஸ்' என்று தனியாக ஒரு கீ இருந்தது, சன் கணினிகளிலும் இருந்தது, லினக்ஸில் இன்றைக்கும் அமைப்புகளுக்குள் போய் இயக்கிக்கொள்ளலாம். அந்த வழக்கத்தை விண்டோஸுக்குக் கொண்டுவருகிறது இது. உங்கள் விசைப்பலகை அமைப்பு அப்படியே இருக்கும், ஒரு எழுத்துகூட இடம் மாறாது, மேற்கோள் குறி மேற்கோள் குறியாகவே இருக்கும். குறி வேண்டும் என்றால் மட்டும் கம்போஸ் கீயைத் தட்டி விட்டுவிட வேண்டும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறகு ஒற்றை மேற்கோள் குறி, பிறகு ஈ. அவ்வளவுதான்.

இதன் அழகு, எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பது. எழுத்து எப்படித் தெரிகிறதோ அப்படியே அடிக்கலாம். கம்போஸ், பின்சாய்ந்த ஒற்றைக்குறி (`), ஈ என்றால் க்ராவ், அதாவது எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. கம்போஸ், கேரட், ஈ என்றால் தொப்பி வைத்தது. கம்போஸ், இரட்டை மேற்கோள், ஐ என்றால் இரண்டு புள்ளி, அதாவது த்ரேமா. கம்போஸ், கமா, சி என்றால் செதீய். கம்போஸ், ஓ, ஈ என்றால் இரண்டும் ஒட்டிய எழுத்து, 'சகோதரி' என்ற பிரெஞ்சுச் சொல்லில் வருமே, அது. பெரிய எழுத்து வேண்டுமா, ஷிஃப்டோடு அடியுங்கள், அதுவும் வரும். டாஸ்க்பார் மூலையில் இருக்கும் ஐகானை அழுத்தினால் எல்லா வரிசைகளும் ஒரு ஜன்னலில் வரும், தேடவும் முடியும். முதல் வாரம் அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். இரண்டாவது வாரத்தில் தேவைப்படவில்லை.

நிறுவியதும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இயல்பாக வலது ஆல்ட் கீதான் கம்போஸ் கீயாக இருக்கும். நம் நாட்டுக் கணினிகளில் 'ஆங்கிலம், இந்தியா' என்ற அமைப்பு இருந்தால் வலது ஆல்ட்டும் 4ம் சேர்ந்தால் ரூபாய்க் குறி வரும். வின்கம்போஸ் அந்தக் கீயை எடுத்துக்கொண்டதும் ரூபாய்க் குறி நின்றுவிடும். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். செட்டிங்ஸில் கம்போஸ் கீயை வலது கன்ட்ரோலுக்கோ கேப்ஸ் லாக்குக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நான் வலது கன்ட்ரோலில் வைத்திருக்கிறேன், அந்தக் கீயை வாழ்க்கையில் வேறு எதற்கும் தொட்டதில்லை. அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர், வேறு யாராவது உட்கார்ந்து டைப் செய்தாலும் தெரியும்.

பிரெஞ்சு மட்டும் என்றால் இத்தோடு முடித்திருப்பேன். எனக்கு இன்னொரு வேலையும் வருகிறது. இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இலிருந்து இருக்கிறது, கீழைத்தேயப் பள்ளி என்ற இன்னொரு பிரெஞ்சு ஆய்வு அமைப்பின் கிளையும் இருக்கிறது, தமிழ் ஆய்வுக்கு வருகிறவர்கள் ஊரில் எப்போதும் இருப்பார்கள். அவர்களில் சிலர் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் டைப் செய்யக் கொடுப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறை அது. நெடிலுக்கு உயிரெழுத்தின் தலையில் நேர்க்கோடு. ட, ண, ள மூன்றுக்கும் எழுத்தின் கீழே புள்ளி. ழ, ற, ன மூன்றுக்கும் கீழே கோடு. ங வேண்டுமென்றால் 'என்' (n) எழுத்தின் தலையில் புள்ளி, ஞ வேண்டுமென்றால் அதே எழுத்தின் தலையில் டில்டே. எல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால் வாளை மீன், கோடு போட்டால் வாழை மரம். ஒன்றும் போடாவிட்டால் படிக்கிறவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆய்வுக் கட்டுரையை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஆல்ட் எண்களும் யூஎஸ் இன்டர்நேஷனலும் அசெர்ட்டியும் மொத்தமாகக் கைவிடும். வின்கம்போஸில் கம்போஸ், அடிக்கோடு, ஏ என்றால் நெடில் ஆ. கம்போஸ், ஆச்சரியக்குறி, டி என்றால் கீழ்ப்புள்ளி வைத்த டி, ஆச்சரியக்குறியின் கீழே ஒரு புள்ளி இருக்கிறதே, அதுதான் ஞாபகக் குறிப்பு. கம்போஸ், புள்ளி, 'என்' என்றால் ங. ஆனால் ழ, ற, ன மூன்றுக்கும் வேண்டிய கீழ்க்கோட்டு எழுத்துகளுக்கு இயல்பான வரிசை இல்லை. தமிழின் சிறப்பெழுத்தான ழ எழுத்துக்குத்தான் வழி இல்லை என்று பார்த்தபோது வருத்தமாகவே இருந்தது.

அதற்கும் மருந்து உள்ளேயே இருக்கிறது. உங்கள் பயனர் கோப்புறையில் எக்ஸ்கம்போஸ் என்று ஒரு எளிய உரைக் கோப்பு, பெயரின் முன்னால் ஒரு புள்ளியோடு. அதில் ஒரு வரிக்கு ஒரு விதி: கோண அடைப்புக்குள் முதலில் மல்டி கீ (Multi_key, கம்போஸ் கீக்கு இந்தக் கோப்பில் அதுதான் பெயர்), பிறகு நீங்கள் அடிக்கப்போகும் கீகளின் பெயர்கள் வரிசையாக, ஒரு முக்காற்புள்ளி, மேற்கோளுக்குள் வர வேண்டிய எழுத்து. நான் கம்போஸ், இரண்டு அடிக்கோடு, எல் என்றால் ழ என்று வைத்துக்கொண்டேன். ஆறு வரி எழுதினேன், சிறிய எழுத்து மூன்று, பெரிய எழுத்து மூன்று. கோப்பை யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப் 8 ஆகச் சேமிக்க வேண்டும், அதை மறந்தால் எழுத்துக்குப் பதில் குப்பை வரும். ஒரே கோப்பு லினக்ஸிலும் வேலை செய்யும் என்பது கூடுதல் சந்தோஷம், ஆய்வு நிறுவனத்துக்கு வருகிற ஒரு அண்ணன் உபுண்டு வைத்திருக்கிறார், அவருக்கு இதையே பென் டிரைவில் கொடுத்தேன். அங்கே மட்டும் முதல் வரியில் இயல்பு வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் 'இன்க்ளூட்' கட்டளை வேண்டும். அது இல்லாததால் அவருக்கு ழ வந்தது, ஆனால் சாதாரண சாய்கோட்டு ஈ முதற்கொண்டு மற்ற எல்லாம் நின்றுவிட்டது. அந்த வரியைச் சேர்த்து, திறந்திருந்த மென்பொருள்களை மூடித் திறந்ததும் சரியானது.

இனி, வராத இடங்கள். விமர்சனம் என்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இங்கேதான் ஆட்கள் பொறுமை இழந்து மென்பொருளை அழித்துவிடுகிறார்கள். குறி விழவில்லை என்றால் நான் முதலில் செய்வது நோட்பேடைத் திறந்து அதே வரிசையை அடித்துப் பார்ப்பது. நோட்பேடில் வந்தால் வின்கம்போஸ் மேல் தப்பில்லை, நீங்கள் வேலை செய்யும் மென்பொருளில்தான் ஏதோ இருக்கிறது. நோட்பேடிலும் வராவிட்டால் டாஸ்க்பாரில் எந்த மொழி இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் ஈ கீயை அழுத்தும்போது போவது ஆங்கில ஈ இல்லையே, ஒரு தமிழ் எழுத்து. வரிசை எப்படிப் பொருந்தும்? விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடித்தால் வந்துவிடும். இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் கைதவறி ஒன்றாக அழுந்தினாலும் மொழி மாறிவிடும், அந்தக் குறுக்குவழியை நான் அமைப்புகளில் போய் நிறுத்தியே வைத்துவிட்டேன். தமிழ் அடிக்கத் தனி மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதையும் ஒருமுறை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள், இரண்டு மென்பொருள் ஒரே கீயைப் பிடிக்கப் பார்த்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது.

நிர்வாகி அனுமதியோடு ஓடும் ஜன்னல்களில் வின்கம்போஸ் செல்லாது. இது விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு: சாதாரண அனுமதியோடு ஓடுகிற மென்பொருள், அதிக அனுமதியோடு ஓடுகிற ஜன்னலின் கீகளைப் பார்க்கவோ அதற்கு எழுத்து அனுப்பவோ விடாது. டாஸ்க் மேனேஜரில் சோதித்தால் தெரியும். சில பழைய கணக்கு மென்பொருள்களை 'நிர்வாகியாக இயக்கு' என்று வைத்திருப்பார்கள், அதில் மட்டும் குறி வரவில்லை என்றால் காரணம் இதுதான். அந்த மென்பொருளைச் சாதாரணமாக இயக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் வின்கம்போஸையும் நிர்வாகியாகவே இயக்க வேண்டும்.

என்னை நாலு நாள் சுற்றவிட்ட பிரச்சினை வேறு. ஒரு அலுவலகத்தில் அவர்களுடைய பழைய பதிவு மென்பொருளில் நேரடியாக உள்ளிடச் சொன்னார்கள். பிரெஞ்சுப் பெயர்கள் எல்லாம் கச்சிதமாக விழுந்தன. ரோமன் தமிழ்ச் சொற்களில் சில எழுத்து குறியை இழந்து மொட்டையாக வந்தன, சில கேள்விக்குறியாக வந்தன. வின்கம்போஸை அழித்து மறுபடி நிறுவினேன், கோப்பை மூன்று தடவை திருத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: பிரெஞ்சு வருகிறது, தமிழ்க் குறி வரவில்லை என்றால் அது விசைப்பலகைப் பிரச்சினையே இல்லை. அந்த மென்பொருள் யூனிகோடு தெரியாத காலத்தது. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252 என்ற பழைய குறிப்பட்டியலில் சாய்கோட்டு ஈ இருக்கிறது, செதீய் இருக்கிறது, ஒட்டிய ஓஈகூட இருக்கிறது. நெடில் கோடு வைத்த ஏயும் கீழ்க்கோட்டு எல்லும் அதில் கிடையாது. வின்கம்போஸ் சரியான எழுத்தைத்தான் அனுப்புகிறது, வாங்கிக்கொள்ளும் பாத்திரத்தில் இடமில்லை. விண்டோஸின் வட்டார அமைப்புகளுக்குள் யூனிகோடு இல்லாத மென்பொருள்களுக்கும் யூடிஎஃப் 8 கொடுக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதைத் தொட்டால் வேறு பழைய மென்பொருள்கள் தடுமாறக்கூடும், அடுத்தவர் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன். அந்த வேலையைத் தனிக் கோப்பாக வேர்டில் அடித்துக் கொடுத்தேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று எக்செல். குறியெல்லாம் ஒழுங்காக அடித்துச் சேமித்த சிஎஸ்வி கோப்பை மறுபடி திறந்தால் ஒவ்வொரு குறி எழுத்து இருந்த இடத்திலும் இரண்டு மூன்று விசித்திர எழுத்துகள் நிற்கும். இதற்கும் விசைப்பலகைக்கும் சம்பந்தமில்லை, யூடிஎஃப் 8 ஆகச் சேமித்ததைப் பழைய குறிப்பட்டியலில் படித்தால் அப்படித்தான் தெரியும். எக்செலில் சேமிக்கும்போதே யூடிஎஃப் 8 சிஎஸ்வி என்று இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், அது யூடிஎஃப் 8 என்ற அடையாளத்தையும் கோப்பில் வைத்துவிடும், திறக்கும்போது எக்செல் சரியாகப் படிக்கும்.

எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் காரணம் ஃபாண்ட். டைம்ஸ் நியூ ரோமனில் இந்த எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன, ஜென்டியமில் இன்னும் அழகாக இருக்கின்றன, புள்ளிக்கும் கோட்டுக்கும் சின்ன அளவிலும் வித்தியாசம் தெரியும்.

கண்ணுக்கே தெரியாத ஒரு கோளாறும் உண்டு, மேக் வைத்திருப்பவர்களிடமிருந்து கோப்பு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். சாய்கோட்டு ஈயை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே எழுத்தாக ஒன்று, வெறும் ஈயும் அதன்மேல் தனியாக ஏற்றிய கோடும் சேர்ந்து இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பல மென்பொருள்களில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. ஒரு குடும்பத்தின் பெயரை முப்பது பக்கக் கோப்பில் தேடி, 'இல்லை' என்று வந்தபோது அந்தப் பெயர் என் கண்ணெதிரே இருந்தது. வேர்டில் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்துங்கள், 0301 என்று வந்தால் கோடு தனியாக ஏற்றப்பட்டது என்று அர்த்தம், கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். வின்கம்போஸின் சாதாரண வரிசைகள் ஒரே எழுத்தாகத்தான் தருகின்றன, அதனால் நான் அடித்த கோப்புகளுக்குள் இந்தச் சிக்கல் வந்ததில்லை. வெளியிலிருந்து வருவதை மட்டும் சோதிக்கிறேன்.

போட்டி என்று பார்த்தால் மைக்ரோசாஃப்டின் இலவசத் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் க்விக் ஆக்ஸென்ட் என்று ஒன்று இருக்கிறது. ஈ கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினால் குறி வைத்த வடிவங்கள் வரிசையாக மேலே வரும், வேண்டியதில் நிறுத்திக் கையை எடுக்கலாம். எப்போதாவது ஒரு பெயர் அடிக்கிறவர்களுக்கு இது போதும், சொல்லப்போனால் அவர்களுக்கு இதுதான் எளிது, என் மகளுடைய கணினியில் இதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பக்கம் பக்கமாக அடிக்கிறவர்களுக்குக் கண் ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டைக்குப் போய்வருவது வேகத்தைக் கெடுக்கும். கம்போஸ் வரிசை விரலிலேயே இருக்கும், கண் மூல ஆவணத்தை விட்டு நகராது. கையெழுத்துப் பதிவேட்டின் நகலைப் பார்த்து டைப் செய்கிற எனக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. எழுத்துக் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலே தேர்வுகள் வரும். ரோமன் தமிழுக்கு ஏபிசி எக்ஸ்டெண்டட் அமைப்பைச் சேர்த்துக்கொண்டால் ஆப்ஷனும் ஏயும் நெடில் கோடு, ஆப்ஷனும் எக்ஸும் கீழ்ப்புள்ளி.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். இந்த வகை மென்பொருள் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு கீயையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது, வேறு வழியில்லை. கடவுச்சொல்லும் அந்த வழியாகத்தான் போகிறது. அதனால்தான் மூலநிரல் திறந்த மென்பொருளாகத் தேர்ந்தெடுத்தேன், எழுதியவரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான் இறக்கினேன். ஏதோ ஒரு டவுன்லோடு தளத்திலிருந்து இதை எடுக்காதீர்கள். அலுவலகக் கணினி என்றால் ஐடி ஆட்களிடம் கேட்டுவிட்டு நிறுவுங்கள், வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இப்படிக் கீகளைப் பார்க்கும் எதையும் சந்தேகப்படுவது இயல்பு.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் பற்றி அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் அச்சான பகுதியில் குறி இருக்கும், அடியில் இருக்கும் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் இருக்காது. அந்த வரிகளில் குறியில்லாத 26 ஆங்கிலப் பெரிய எழுத்து, எண்கள், கோணக்குறி மட்டுமே அனுமதி, அது உலகம் முழுக்க ஒரே விதி. ஆகவே விமான டிக்கெட்டில் குறி இல்லையே என்று பதற வேண்டாம். ஆனால் மொழிபெயர்ப்பிலும் குடும்பப் பதிவிலும் மேற்பகுதியில் இருக்கிறபடி குறியோடுதான் அடிக்க வேண்டும். டிக்கெட்டைப் பார்த்து டைப் செய்து கொண்டுவருகிறவர்களிடம் நான் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி, கோட்டைத் திரும்பப் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

காசு கொடுக்க வேண்டியதில்லை, பெரிய கணினியும் வேண்டாம், என்னுடைய பழைய 4 ஜிபி லேப்டாப்பிலும் ஓடுகிறது. நிறுவ விரும்பாதவர்களுக்கு அப்படியே பிரித்து ஓட்டக்கூடிய பதிப்பும் உண்டு, நான் வெளியிடங்களுக்குப் போகும்போது அதையும் என் எக்ஸ்கம்போஸ் கோப்பையும் பென் டிரைவில் கொண்டுபோகிறேன். அந்தக் கோப்பை மட்டும் பத்திரமாக இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவியபோது எனக்கு அது போய்விட்டது, கொடுத்து வைத்திருந்ததால் உபுண்டு அண்ணனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன், வரும்போது அதில் அவர் சேர்த்த கிரந்த எழுத்துகளுக்கான நாலு வரியும் கூடவே வந்தன.